சைபர் என்றால் இல்லை என்று அர்த்தமில்லை

டேய் குமார்,

மூன்று வாரமாகப் பதில் போடாததற்கு நேரில் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மா முழங்கால் தேவலையா? உன் லேப் பெரியவர் இன்னும் 'பார் சார்ட் எங்கே' என்றுதான் கேட்கிறாரா?

மருந்து கொடுத்த சாம்பிளிலும் கொடுக்காத கன்ட்ரோலிலும் எந்தப் புரதம் எவ்வளவு மாறியது என்று காட்ட நீ அனுப்பிய வல்கனோ பிளாட் (எரிமலை வடிவப் புள்ளிப் படம்) அழகாக இருக்கிறது. சந்தேகம் வந்ததே அதனால்தான்.

முதலில் சில்லறை. மேக்ஸ்குவான்ட் மென்பொருள் தரும் புரதப் பட்டியலான புரோட்டீன்குரூப்ஸ் கோப்பில் ரிவர்ஸ், கான்டாமினன்ட் (வெளியிலிருந்து கலந்தது), 'ஒன்லி ஐடென்டிஃபைடு பை சைட்' (மாற்றமடைந்த துண்டால் மட்டும் அடையாளம் கண்டது) என்ற மூன்று பத்திகளில் எதிலாவது + குறி உள்ள வரிகளை நீக்கவே இல்லையே! பட்டியலில் ஏழாவதாக கெரட்டின் 1 உட்கார்ந்திருக்கிறது. அது மருந்தின் விளைவு இல்லடா, சாம்பிள் தயாரித்தவர் தோல். ரிவர்ஸ் எல்லாம் 1% எஃப்.டி.ஆர். (தவறான அடையாளங்களின் விகிதம்) கணக்குக்காக மேக்ஸ்குவான்ட் தலைகீழாக எழுதிச் சேர்க்கும் பொய்ப் புரதங்கள். எக்செலிலும் திறந்திருக்கிறாய்: செப்ட்2 ஜீன் செப்டம்பர் 2 ஆகிவிட்டது. இந்தத் தொல்லைக்காகத்தான் 2020இல் அதை செப்டின்2 என்றே மாற்றினார்கள்; உன் ஃபாஸ்டா (புரத வரிசைகள் உள்ள கோப்பு) அதற்கும் பழசு.

இப்போது பெரிய விஷயம். புரதத்தின் அளவைச் சொல்லும் எல்.எஃப்.கியூ. பத்தியில் 0 என்றால் 'அளக்கவில்லை', அவ்வளவுதான். டி.டி.ஏ. என்ற முறையில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவி ஒவ்வொரு சுற்றிலும் உயரமான பத்துப் பதினைந்து பீக்கை மட்டும் பிடித்து உடைக்கிறது. சன்னமான பெப்டைடுக்கு (புரதத் துண்டுக்கு) ஒரு ரன்னில் முறை வரும், அடுத்ததில் வராது. அந்தக் காலியிடத்தை பெர்சியஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் எப்படி நிரப்புகிறது தெரியுமா? நிஜமாக அளந்தவற்றின் சராசரியிலிருந்து 1.8 ஸ்டாண்டர்ட் டீவியேஷன் கீழே இறங்கி, அதே டீவியேஷனில் 0.3 மடங்கே அகலமுள்ள ஒடுக்கமான வளைவிலிருந்து எண்களை எடுக்கிறது. கன்ட்ரோல் மூன்றிலும் காலி என்றால் மூன்று கற்பனை எண்களும் அக்கம்பக்கத்தில் விழும். இரண்டு குழுவையும் ஒப்பிடும் டி-டெஸ்ட்டுக்கு அது போதும், பி-வேல்யூ சரிந்து, வித்தியாசம் நிஜம் போலத் தெரியும். உன் எரிமலையின் வலது சிறகு, அதாவது மருந்தால் கூடியதாகத் தெரியும் புரதங்கள், முக்கால்வாசி இதுதான் என்று நினைக்கிறேன். நிரப்பிய புரதங்களுக்கு வேறு நிறம் கொடுத்துப் பார், தெரிந்துவிடும்.

செய்ய வேண்டியது: ஏதாவது ஒரு குழுவிலாவது மூன்றுக்கு மூன்றும் நிஜ அளவு உள்ளதை மட்டும் வைத்துக்கொள். பிறகு நிரப்பு. ரேண்டம் சீடை (கற்பனை எண்களைத் தீர்மானிக்கும் தொடக்க எண்ணை) மாற்றி ஐந்தாறு தடவை ஓட்டு. ஒவ்வொரு தடவையும் நிற்பதை மட்டும் நம்பு. ஒரு பக்கம் முழுக்கக் காலியானவற்றைத் தனிப் பட்டியலாகப் போடு, பி-வேல்யூ வேண்டாம். ஒரு ரன்னில் அடையாளம் கண்ட பெப்டைடை இன்னொரு ரன்னில், அது வெளிவரும் நேரத்தை வைத்துத் தேடும் 'மேட்ச் பிட்வீன் ரன்ஸ்' போட்டால் காலியிடம் குறையும். ஆனால் அந்த 0.7 நிமிட ஜன்னலை அகட்டாதே, வேறு பெப்டைடின் பீக்கை இழுத்து வந்து ஒட்டிவிடும். லிம்மா என்ற ஆர் மென்பொருள் தொகுப்பாக இருந்தால் நிரப்பாமலே ஓட்டலாம். எனக்கு அதுதான் பிடிக்கும்.

முடித்துவிட்டு அனுப்பு. கெரட்டினை மட்டும் பெரியவர் கண்ணில் காட்டிவிடாதே.

உன்,
சேகர்