பூங்காக் கூட்டத்தைப் படங்களால் அளப்பது குறித்து: கிருஷ்ணகிரி மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், பூங்காக்களைப் பராமரிக்கும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

காணும் பொங்கலன்று கிருஷ்ணகிரி அணைப் பூங்காவில் ஒரு மரத்தருகே வெகுநேரம் நின்றிருந்தேன். ஒரு குடும்பம் படமெடுத்து நகர்ந்ததும் அதே இடத்தில் அடுத்த குடும்பம் வந்து நின்றது. அங்கே புல் ஒரு பிடிகூட இல்லை. மண் கால்பட்டு இறுகிக் கட்டாந்தரையாகி, வேர்கள் வெளியே தெரிந்தன. இறுகிய மண்ணில் மழைநீர் இறங்குவதில்லை, வேருக்குக் காற்றும் போவதில்லை. இருபதடி தள்ளிப் புல் செழிப்பாகவே இருந்தது. நுழைவுச்சீட்டுக் கணக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்லும். எந்த மூலை மிதிபடுகிறது என்று சொல்லாது.

அதைச் சொல்லக்கூடியவை, மக்கள் தாமாகவே சமூக ஊடகங்களில் பதிவிடும் படங்கள். 2013இல் வெளியான ஓர் ஆய்வு, 31 நாடுகளில் 836 சுற்றுலா இடங்களில் எடுக்கப்பட்டு பிளிக்கர் என்ற படப்பகிர்வுத் தளத்தில் ஏற்றப்பட்ட படங்களை, அங்கே ஏற்கெனவே எடுத்திருந்த வருகையாளர் கணக்கோடு ஒப்பிட்டு, இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறி இறங்குவதைக் காட்டியது. அந்த ஆய்வாளர்கள் படங்களை ஒவ்வொன்றாக எண்ணவில்லை. ஒருவர் ஒரு நாளில் ஓரிடத்தில் நாற்பது படம் போட்டாலும் ஒன்று என்றே கொண்டார்கள். நாமும் அப்படியே எண்ண வேண்டும், இல்லையென்றால் ஒரே ஒரு திருமணப் படக்குழு பூங்காவையே நிரப்பிவிடும்.

ஆனால் இந்த முறையை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். இன்ஸ்டாகிராமில் இடத்தின் பெயரைப் பதிவிடுபவரே தேர்ந்தெடுக்கிறார். ‘கிருஷ்ணகிரி அணை’ என்ற ஒரே பெயருக்குள் மதகும் பூங்காவும் மீன் வறுக்கும் கடைகளும் அடங்கிவிடுகின்றன. பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர் காரிலிருந்தே ‘கிருஷ்ணகிரி’ என்று போடுவதும் உண்டு. ஞாயிறன்று எடுத்த படம் புதன்கிழமை ஏறும்.

இவற்றைவிட என்னை உறுத்துவது வேறு. அன்று அதே மரத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு பாட்டி, மடியில் வேர்க்கடலையைக் கொட்டி உரித்துப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாலைவரை அவர் அங்கேயே இருந்தார். நிழலும் குடிநீரும் கழிப்பறையும் அவருக்குத்தான் அதிகம் தேவை. அவர் கையில் கைப்பேசி இல்லை. படங்களை மட்டும் பார்த்துப் பணம் ஒதுக்கினால், அழகான முகப்புக்குப் புதுப் புல்தரை கிடைக்கும், அவர் உட்கார்ந்திருந்த மூலைக்கு ஒரு குழாய்கூடக் கிடைக்காது.

ஆகவே, முதலில் ஆள் வைத்து எண்ணுங்கள். ஓர் ஆடிப்பெருக்கு, ஒரு காணும் பொங்கல், இரண்டு சாதாரண ஞாயிறு, இரண்டு வார நாள் போதும். அணைப் பூங்காவிலும் அவதானப்பட்டி ஏரிப் பூங்காவிலும் மூலைவாரியாக, மணிக்கொரு முறை, முதியோரையும் குழந்தைகளையும் தனியே குறித்து எண்ணலாம். கல்லூரி மாணவர்களைக் கேட்டால் மகிழ்ந்து வருவார்கள். அதன் பிறகு, அந்த நாள்களில் எடுக்கப்பட்ட படங்களின் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகிற இடத்தில் மட்டும் படங்களை நம்பலாம். ஒத்துப்போகாத இடத்தில் ஆள் கணக்கையே கொள்ள வேண்டும்.

இடம், நாள், எண்ணிக்கை ஆகிய மூன்றைத் தவிர வேறெதையும் சேமிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். தம் பிள்ளையின் சிரிப்பைப் பதிவிட்டவர், அரசுக் கோப்புக்காக அதைப் பதிவிடவில்லை.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரிவாசி ஒருவர்