துய்மா வீதிக்கு முழுப்பெயர் வேண்டும்: புதுச்சேரி தெருப் பெயர்ப்பலகைகளுக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். இது என் நான்காவது கடிதம். முதல் மூன்றும் உங்கள் அலுவலகத்தில் எங்கோ இருக்கின்றன. மூன்றாவதற்கு மட்டும் முத்திரை போட்டு ரசீது கொடுத்தீர்கள், அதற்கு நன்றி. விஷயம் உங்களுக்குத் தெரியும் என்பதால் பீடிகை வேண்டாம். கோரிக்கையும் பழையதுதான். துய்மா வீதிப் பலகையில் முழுப்பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். "பியேர் பெனுவா துய்மா, ஆளுநர், 1735–1741." இவ்வளவுதான்.

மூன்று கடிதங்களுக்கும் நீங்கள் அசையவில்லை. நான் இப்போது ஊரறிய எழுதுவதற்குக் காரணம் என் பேத்தி.

எட்டாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் பள்ளிகளுக்கு இடையே நடந்த வினாடி வினாவில் இறுதிச் சுற்று வரை போனாள். கடைசிக் கேள்வி, "துய்மா வீதி யார் பெயரால் வழங்குகிறது?" நான் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, எனக்குக் கை நடுங்கியது. ஆறு வயதிலிருந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வீதியில் நடந்த பிள்ளை அவள். சம்மனசுகள் கோவில் வாசலில் நின்று அந்த ஆளுநரின் கதையை எத்தனை மாலை கேட்டிருப்பாள்! மணியை அழுத்தினாள். "ஆளுநர் பியேர் பெனுவா துய்மா" என்று தெளிவாகச் சொன்னாள். கேள்வி கேட்டவர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். "தவறு. சரியான விடை, அலெக்சாந்தர் துய்மா, உலகப் புகழ்பெற்ற நாவலாசிரியர்" என்றார். அரங்கம் கைதட்டியது. பத்து மதிப்பெண் போனது, கோப்பையும் போனது.

கோப்பை போனால் போகட்டும். மறுநாள் நான் ஆதாரங்களோடு போய் அமைப்பாளர்களைப் பார்த்தேன். அவர்கள் நல்ல மனிதர்கள், மோர் கொடுத்து உட்காரவைத்தார்கள். பிறகு ஒரு மடிப்புத் தாளை எடுத்து நீட்டினார்கள். சுற்றுலாப் பயணிகளுக்காக அச்சிட்டது. உங்கள் அலுவலகத்தின் முத்திரை போட்டது. வீதியின் படத்துக்குக் கீழே, வாள்வீரர்களின் கதையை எழுதிய பெரியவரின் சுருள்முடிப் படம். "அரசாங்கமே போட்டிருக்கே சார், நாங்க என்ன பண்றது?" என்றார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அங்கிருந்து நேரே உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். அன்று பணியில் இருந்தவர் என் தாள்களைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப என்ன சார், ரெண்டு பேருமே பிரெஞ்சுக்காரங்கதானே?" என்று கேட்டார். முப்பது ஆண்டுக்கு மேல் இந்த ஊரில் பிரெஞ்சு கற்றுக்கொடுத்தவன் நான். வினைச்சொற்களைத் தலைகீழாக எழுதும் பிள்ளைகளைப் பார்த்தபோதுகூட அவ்வளவு சோர்ந்ததில்லை.

ரெண்டு பேருமே பிரெஞ்சுக்காரர்கள்தான், ஐயா. முருகேசன் என்ற பெயரில் இந்த ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஒரு முருகேசனுக்கு வந்த ஓய்வூதியத்தை இன்னொரு முருகேசனிடம் கொடுப்பீர்களா?

துய்மா என்பது அரிதான பெயரல்ல. பிரான்சின் தென்பகுதியில் பண்ணைவீட்டை 'மா' என்பார்கள். பண்ணைவீட்டைச் சேர்ந்தவர் துய்மா. நம் பக்கத்தில் 'தோட்டத்து வீட்டார்' என்கிறோமே, அதுபோல. பண்ணைவீடு எத்தனை உண்டோ அத்தனை துய்மாக்கள். அவர்களில் ஒருவரான ழான் பத்தீஸ்த் துய்மா வேதியியலாளர், 1800இல் பிறந்து 1884இல் இறந்தவர். ஒரு பொருளில் எவ்வளவு நைட்ரஜன் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. ஈஃபில் கோபுரத்தில் பொறித்திருக்கும் 72 பெயர்களில் அவருடையதும் உண்டு. ரொலான் துய்மா என்றொரு வெளியுறவு அமைச்சர் இருந்தார். மார்லீன் துய்மா என்ற ஓவியர் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். அமெரிக்காவில் டெக்சாசில் ஓர் ஊர், அர்க்கன்சாவில் ஓர் ஊர், இரண்டுக்கும் இதே பெயர். போதாக்குறைக்குச் சூரத் பக்கத்தில் கரிய மணல் கொண்ட ஒரு கடற்கரை. அதற்கும் பிரான்சுக்கும் சம்பந்தம் கிடையாது, அது குஜராத்தி ஊர்ப்பெயர், டுமஸ். ஆனால் ஆங்கில எழுத்தில் எழுதினால் நம் வீதியும் அதுவும் ஒன்றுதான். என் மைத்துனர் மகன் கைப்பேசியில் எங்கள் வீதியைத் தேடி, "மாமா, உங்க தெருவுல பேய் இருக்காமே" என்று கேட்டான். அந்தச் சூரத் கடற்கரையில் பேய் உலவுவதாகச் சொல்லும் கதையைப் படித்திருக்கிறான் என்று பிறகுதான் விளங்கியது.

பலகையில் முழுப்பெயர் கேட்பது இதற்காகத்தான்.

நாவலாசிரியர் மேல் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. வகுப்பில் அவர் பக்கங்களைப் படித்துக்காட்டித்தான் எத்தனையோ பிள்ளைகளை இந்த மொழிக்குள் இழுத்தேன். ஆனால் அவர் பிறந்தது 1802இல். நம் ஆளுநர் பதவியை விட்டுக் கப்பலேறிய 1741க்கும் அதற்கும் இடையே அறுபத்தொரு ஆண்டுகள். நாவலாசிரியர் ருசியா போனார், காக்கேசஸ் போனார், வட ஆப்பிரிக்கா போனார். புதுச்சேரிக்கு வந்ததில்லை. அவருக்குப் பாரிசில் சிலை இருக்கிறது, வீதி இருக்கிறது, மெட்ரோ நிலையம்கூட இருக்கிறது. 2002இல் அவர் உடலை எடுத்துப்போய், நாட்டின் பெருமக்களை அடக்கம் செய்யும் பாந்தெயோனில் மரியாதையோடு வைத்தார்கள். நம் வீதியும் சேர்ந்துதான் அவர் புகழ் நிறைய வேண்டும் என்பதில்லை.

குழப்பம் எங்கிருந்து வந்தது என்றும் யோசித்துப் பார்த்தேன். சற்றுத் தள்ளி ரோமன் ரோலன் வீதி இருக்கிறது. அவர் எழுத்தாளர், நோபல் பரிசு பெற்றவர். அங்கே முழுப்பெயர் இருக்கிறது, ஒருவரும் தடுமாறுவதில்லை. அதைப் பார்த்துவிட்டு வருகிறவர், துய்மா என்ற பலகையைக் கண்டதும் இவரும் எழுத்தாளர் என்று முடிவுகட்டுகிறார். ஆனால் அக்கம்பக்கத்துப் பழைய பெயர்களைப் பாருங்கள். சுய்ப்ரேன், லபூர்தொனே, துய்ப்ளேக்ஸ், புஸ்ஸி. பின் இரண்டும் பிற்பாடு நேரு வீதியாகவும் லால்பகதூர் சாஸ்திரி வீதியாகவும் மாறிவிட்டன என்றாலும் வரிசை புரிகிறது. எல்லாரும் பதினெட்டாம் நூற்றாண்டின் ஆளுநர்கள், கடற்படைத் தலைவர்கள், தளபதிகள். அந்தப் பந்தியில் துய்மா என்றால் எந்தத் துய்மா உட்கார்ந்திருப்பார்?

இந்தத் துய்மா யார் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் கோப்பில் இருக்கட்டும். ஆற்காட்டு ரூபாய் அடிக்கும் உரிமையை 1736இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வாங்கித் தந்தவர் அவர். தஞ்சை மராட்டிய அரியணைச் சண்டையில் உதவி கேட்ட சாகுஜி, காரைக்காலைத் தருவதாக வாக்களித்துவிட்டுப் பின்வாங்கினார். ஆற்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிபின் துணையோடு 1739இல் அது பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது அவர் காலத்தில்தான். இன்று உங்கள் அதிகாரத்துக்குள் காரைக்கால் இருக்கிறதென்றால், அந்தக் கணக்கைத் தொடங்கிவைத்தவர் அவர். 1740இல் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி மராட்டியரோடு மோதி இறந்தபோது அவர் குடும்பம் அடைக்கலம் தேடி வந்தது இந்த ஊர்க் கோட்டைக்கு. மராட்டியத் தளபதி ராகோஜி போன்ஸ்லே அவர்களை ஒப்படைக்கச் சொல்லி மிரட்டினார். துய்மா மறுத்துவிட்டார். மறுத்ததோடு நில்லாமல் ராகோஜிக்குச் சில புட்டி மது அனுப்பினார் என்றும், அதன் ருசியில் மராட்டியர் கோபம் தணிந்தது என்றும் ஒரு கதை உண்டு. புட்டியால் வேலை நடக்கும் ஊர் என்ற நம் பெயருக்கு வயது அதிகம் போலிருக்கிறது.

தமிழ் படிக்கிறவர்களுக்கு இன்னொன்று முக்கியம். ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பைத் தொடங்கியது 1736 செப்டம்பரில். நாற்காலியில் அப்போது இருந்தவர் இந்தத் துய்மாதான். துய்ப்ளேக்ஸ் பதவிக்கு வந்தது 1742இல். நாட்குறிப்பை ஊர்ப்பெருமை என்று மேடைதோறும் பேசுகிறோம். அது எழுதப்பட்ட முதல் ஆண்டுகளின் ஆளுநர் யார் என்று கேட்டால் ஒரு நாவலாசிரியரின் படத்தைக் காட்டுகிறோம்.

அவரைப் போற்றச் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படிப் புரிந்துகொள்ளாதீர்கள். இங்கே வருவதற்குமுன் அவர் பூர்போன் தீவின் ஆளுநர். இன்றைய ரெயூனியன். அங்கே காப்பித் தோட்டங்கள் அடிமைகளின் முதுகில் வளர்ந்தன, மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்கள். இந்த இடத்தில்தான் அந்தத் தாள் என்னை அதிகம் வதைக்கிறது. நீங்கள் படம் போட்ட நாவலாசிரியரின் பாட்டி மாரி செசெத், இன்றைய ஹைட்டியில் அடிமையாக இருந்த கறுப்பினப் பெண். அவர் மகன் 1786இல் படையில் சேர்ந்தபோது பிரபுவான அப்பாவின் பெயரை விட்டுவிட்டு அம்மாவின் பெயரை எழுதிக்கொடுத்தார். துய்மா என்று. பிறகு தளபதியாக உயர்ந்தார். பாரிசில் அவருக்கு நின்ற சிலையை ஜெர்மானியர் ஆட்சியில் உருக்கிவிட்டார்கள். நாவலாசிரியருக்கு வந்தது அந்தப் பாட்டியின் பெயர். அடிமைகள் உழைத்த தீவை ஆண்டவருக்கும் அடிமைப் பெண்ணின் பேரனுக்கும் ஒரே முகத்தை வரைந்திருக்கிறீர்கள். எழுத்து ஒன்றாக இருக்கிறது என்பதற்காக.

குடும்பப் பெயரைக் கிள்ளுக்கீரையாக நினைக்க இந்த ஊருக்கு உரிமை இல்லை. 1881 செப்டம்பரில் வந்த ஆணைப்படி, பரம்பரைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற நம்மவர்கள் ஒவ்வொருவரும் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். காலணி போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனதற்காகத் தண்டிக்கப்பட்டு, பாரிஸ் வரை வழக்காடி வென்ற வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாபோர்த்' என்று வைத்துக்கொண்டார். வாசற்கதவு என்று பொருள். அவர் பேரப்பிள்ளைகளின் தலைமுறைக்கும் அதுதான் பெயர். சாதியைத் துறந்து ஒரு பிரெஞ்சுப் பெயரைத் தேடித் தெரிந்தெடுத்த ஊரில், "ரெண்டு பேருமே பிரெஞ்சுக்காரங்கதானே" என்று ஓர் அலுவலர் கேட்கிறார்.

கோபம் வந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆண்டுதோறும் அந்த வீதிச் சுவர்களுக்கு மஞ்சள் பூச ஆள் கிடைக்கிறது. காகிதப்பூக் கொடியைக் கத்தரிக்க ஆள் கிடைக்கிறது. ஒளிப்படம் எடுக்க வருகிறவர்கள் நின்றுகொள்ளப் பீடம் கட்ட நிதி கிடைக்கிறது. எனாமல் பலகையில் ஒரு வரி கூடுதலாக எழுதுவதற்கு மட்டும் பரிசீலனை, மேல் நடவடிக்கை, உரிய பிரிவு. உரிய பிரிவு எது என்று நான் இரண்டு மாடி ஏறி இறங்கித் தேடினேன். முழங்கால் வலி இன்னும் போகவில்லை. பலகை எழுதுவது ஒரு பிரிவு, தாள் அச்சிடுவது இன்னொரு பிரிவு, தவறைத் திருத்துவதற்குத்தான் பிரிவு இல்லை போலும்.

மறுபடி பேத்திக்கு வருகிறேன். அவள் அன்று அழவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டாள், தூங்கினாள். இரண்டு வாரம் கழித்து அவள் பள்ளியிலேயே ஒரு பொது அறிவுத் தேர்வு. அதே கேள்வி வந்திருக்கிறது, அந்தத் தாளைப் பார்த்தே கேள்வி எடுத்திருப்பார்கள். விடைத்தாளை என்னிடம் காட்டினாள். "அலெக்சாந்தர் துய்மா, நாவலாசிரியர்" என்று எழுதியிருந்தாள். அழகான கையெழுத்து. பக்கத்தில் சிவப்பு மையில் சரி என்ற குறி.

"ஏம்மா, உனக்குத் தெரியுமே?" என்றேன்.

"தெரியும் தாத்தா. அங்க இதை எழுதினாதான் மார்க்."

கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதுபோல் சற்று நேரம் சும்மா இருந்தேன். அவளைத் திட்ட மனம் வரவில்லை. முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாளே.

ஆகவே, பணிவோடு மறுபடி கேட்டுக்கொள்கிறேன். பலகையில் முழுப்பெயரும் ஆண்டும். அந்த மடிப்புத் தாளின் அடுத்த அச்சில் திருத்தம். கையிருப்பில் உள்ளவற்றில் ஒரு சிறு ஒட்டுச்சீட்டு போதும், ஒட்டுகிற வேலைக்கு நானே வருகிறேன், காலை பத்து மணிக்கு மேல் எனக்கு வேலையில்லை. பள்ளிகளுக்கு ஒரு வரிக் குறிப்பு அனுப்பினால் இன்னும் நல்லது. ஆளுநரின் பெயர் வேண்டாம், வீதிக்கு வேறு பெயர் வைக்கலாம் என்று நாளை நீங்கள் முடிவெடுத்தால் அதற்கும் நான் குறுக்கே நிற்கமாட்டேன். அதுவரை பலகை யாரைச் சொல்கிறதோ அவரைச் சொல்லட்டும்.

நிதி இல்லை என்றால் பலகையின் செலவை என் ஓய்வூதியத்திலிருந்து தருகிறேன், எழுதி மாட்ட அனுமதி மட்டும் கொடுங்கள். நீல நிறம், வெள்ளை எழுத்து, மற்ற பலகைகளைப் போலவே. இத்துடன் ஒரு தாளில் பெயரைத் தமிழிலும் பிரெஞ்சிலும் பெரிய எழுத்தில் எழுதி இணைத்திருக்கிறேன். தமிழில் 'து'வுக்குப் பிறகு 'ய்' உண்டு, 'டூமாஸ்' என்று வந்துவிடாமல் பலகை எழுதுகிறவர் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியர்,
புதுச்சேரி