எவ்வளவு கொடுக்குது?

சுந்தரம்,

உன் கடிதம் வந்து நாலு மாதம் ஆகிறது. தாமதத்துக்குக் காரணம் சொன்னால் நீ நம்பமாட்டாய், அதனால் சொல்லவில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகப் பாலு சொன்னான். சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடுகிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள். இங்கே எல்லாரும் சௌக்கியம்.

விஷயத்துக்கு வருகிறேன். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் அணி போர்ஷே 992 கார்களுக்கான வகுப்பில் மூன்றாவதாக வந்ததோ இல்லையோ, ஊரில் எல்லாருக்கும் எண்டூரன்ஸ் ரேஸ் பைத்தியம் பிடித்துவிட்டது என்று எழுதியிருந்தாய். அதோடு விட்டாயா? “எவன் வேகமோ அவன் ஜெயிக்கப் போறான். அதை ஒரு மணி நேரத்துல பாத்துட்டுப் போகாம எதுக்குடா 24 மணி நேரம் பெட்ரோலை எரிக்கணும்?” என்று ஒரு கேள்வி. யார் கேட்பது? எவன் புது வண்டி வாங்கினாலும் சாவியைக் கையில் வாங்குவதற்கு முன்னாலேயே “எவ்வளவு கொடுக்குது?” என்று மைலேஜ் விசாரிக்கிற நீ! மச்சான், உன் ஒருத்தனுக்காகவே பத்து வருடம் ஒரு உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது. உனக்குத் தெரியாமல் போயிற்று.

குரூப் சி என்று பெயர். 1982-ல் தொடங்கினார்கள். எத்தனை சிசி, எத்தனை சிலிண்டர், டர்போ உண்டா இல்லையா என்றெல்லாம் கேட்கமாட்டார்கள். பெயருள்ள கம்பெனியின் எஞ்சினாக இருந்தால் சரி. கார் 800 கிலோவுக்குக் குறையக்கூடாது. டேங்க் 100 லிட்டர். 1000 கிலோமீட்டர் பந்தயம் என்றால் நடுவில் ஐந்து தடவைதான் நிரப்பலாம். ஆக மொத்தம் 600 லிட்டர். பிரான்ஸில் 24 மணி நேரம் ஓடும் லே மான்ஸ் பந்தயத்துக்கு 25 தடவை, 2600 லிட்டர். இதற்குள் எப்படி வேண்டுமானாலும் பிழைத்துக்கொள் என்று விட்டுவிட்டார்கள். லிட்டருக்கு ஒன்றே முக்கால் கிலோமீட்டர்கூட வரவில்லையே என்று சிரிக்காதே. அறுநூறு குதிரைத்திறனுக்கு மேல், நேர்ப்பாதையில் மணிக்கு 350 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காலை அழுத்திக்கொண்டே இருந்தால் 600 லிட்டர் 1000 கிலோமீட்டருக்குக் காணவே காணாது.

போர்ஷேகாரர்களே முதல் பந்தயத்தில் இதில் மாட்டிக்கொண்டார்கள். 1982 மே மாதம் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன், போர்ஷே 956-க்கு அரங்கேற்றம். பந்தயம் ஆறு மணி நேரம். பெட்ரோல் என்னவோ 1000 கிலோமீட்டர் கணக்குக்கு. இந்தக் கார் ஓடுகிற ஓட்டத்துக்கு ஆறு மணி நேரத்தில் ஆயிரத்தைத் தாண்டிவிடும் அல்லவா? ஜாக்கி இக்ஸும் டெரக் பெல்லும் கடைசிவரை காலை அடக்கி அடக்கி ஓட்டி இரண்டாவதுதான் வந்தார்கள். ஜெயித்தது லான்சியா, பழைய குரூப் 6 கார், அதற்கு இந்த ரேஷன் கிடையாது. அடுத்த மாதம் லே மான்ஸில் பழி தீர்ந்தது. 1, 2, 3 என்று நம்பர் ஒட்டிய மூன்று 956-ம் அதே வரிசையில் முதல், இரண்டாம், மூன்றாம் இடம்.

இந்த 956-ஐப் பற்றி ஒரு பாராவாவது எழுதாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. நோர்பர்ட் ஸிங்கர் வடிவமைத்தது. போர்ஷே அதுவரை பெரும்பாலும் குழாய்ச் சட்டத்தில்தான் ரேஸ் கார் கட்டிக்கொண்டிருந்தது; அலுமினியத் தகட்டில் மோனோகாக், அதாவது கூடே சட்டமாக நிற்கும் உடல், செய்தது இதில்தான் முதல் தடவை. அடிவயிற்றில் இரண்டு பக்கமும் சுரங்கம் மாதிரி குடைந்து, அதில் பாயும் காற்று காரைத் தரையோடு உறிஞ்சிப் பிடிக்கும்படி செய்தார்கள். ஆனால் போர்ஷேவின் ஆறு சிலிண்டர் எஞ்சின் மல்லாந்து படுத்த ஜாதி. சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் கை விரித்துக்கொண்டு சுரங்கத்துக்கு வழிவிடாமல் கிடக்கும். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துப் பின்பக்கம் கொஞ்சம் தூக்கிச் சாய்த்து வைத்துத்தான் இடம் பண்ணினார்கள். 2.65 லிட்டர், இரண்டு டர்போ, சிலிண்டருக்குக் காற்றுக் குளிர்ச்சி, ஹெட்டுக்குத் தண்ணீர்.

சரி, பெட்ரோலை எப்படி மிச்சம் பிடிப்பது? உனக்கு வேண்டியது இதுதானே. முதல் வழி டிரைவர் கையிலேயே இருந்தது, டர்போ பூஸ்ட்டுக்கு, அதாவது எஞ்சினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தத்துக்கு, ஒரு திருகு. முந்தவேண்டிய இடத்தில் ஏற்றுவான், மற்ற நேரம் இறக்குவான். இரண்டாவது, நேர்ப்பாதையின் கடைசியில் பிரேக் மிதிக்கவேண்டிய இடம் வரும்வரை ஆக்சிலரேட்டரில் நிற்காமல், முன்னாலேயே காலை எடுத்துவிட்டுக் காரை உருளவிடுவது. அந்தக் கடைசி நூறு, இருநூறு மீட்டரில்தான் கார் உச்ச வேகத்தில் காற்றோடு மல்லுக்கட்டுகிறது. காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி, வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். வேகம் இரண்டு பங்கானால் சக்தி எட்டு பங்கு. அதனால் அந்த இடத்தில் காலை எடுத்தால் போகிற நேரம் கொஞ்சம்தான், மிஞ்சுகிற பெட்ரோல் நிறைய. சுற்றுக்குச் சுற்று இதைச் செய்தால் அடுத்த பிட் ஸ்டாப்பை ஒரு சுற்று தள்ளிப்போடலாம்.

மூன்றாவது வழி, காற்றோடு கலக்கும் பெட்ரோலைக் குறைத்துக் கலவையை மெலிதாக்குவது. இதில்தான் ஆபத்து. டர்போ எஞ்சினில் தேவைக்கு மேலே ஊற்றும் பெட்ரோல் வீணாகப் போவதில்லை. உள்ளே ஆவியாகிப் பிஸ்டன் தலையைக் குளிரவைக்கிறது. அதைக் குறைத்தால் சூடு ஏறும், பெட்ரோல் கண்ட இடத்தில் தானாக வெடிக்கும் நாக்கிங் ஆரம்பிக்கும், கொஞ்ச நேரத்தில் பிஸ்டனில் ஓட்டை. குணா அண்ணன் பட்டறை அலமாரியில் வரிசையாக வைத்திருப்பாரே, அதே ஓட்டை. பாஷ் கம்பெனியின் மோட்ரானிக் வந்தபிறகு எப்போது பொறி, எவ்வளவு பெட்ரோல் என்பதைக் கம்ப்யூட்டர் கவனித்துக்கொண்டது. அந்தத் தைரியத்தில் கம்ப்ரஷனை ஏற்றினார்கள்.

அந்தக் கம்ப்யூட்டரும் 1987 லே மான்ஸில் ஏமாந்தது. அமைப்பாளர்கள் எல்லா அணிக்கும் பொதுவாகக் கொடுத்த பெட்ரோலில், போர்ஷே எதிர்பார்த்த அளவுக்கு ஆக்டேன், அதாவது நாக்கிங்கைத் தாங்கும் சக்தி, இல்லை. சிப்பில் எழுதிவைத்த கணக்கு ஒன்று, டேங்கில் இருந்த பெட்ரோல் வேறொன்று. 956-க்கு அடுத்து வந்த கார் 962. யோஸ்ட் என்ற தனியார் அணியின் இரண்டு 962-ம் போர்ஷே கம்பெனியின் ஒரு 962-ம் பந்தயம் சூடு பிடிப்பதற்குள் எஞ்சின் வெந்து நின்றன. மிச்சமிருந்த ஒரே கம்பெனிக் காரில் அவசரமாக வேறு சிப் மாட்டி அனுப்பினார்கள். ஸ்டுக், பெல், ஹோல்பர்ட் மூன்று பேரும் 24 மணி நேரத்தையும் அதில் ஓட்டி முடித்து, அடுத்த காரைவிட 20 சுற்று முன்னால் வந்து ஜெயித்தார்கள்.

நாலாவது வழிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1985-ல் ரேஷனை 15 சதவீதம் வெட்டிவிட்டார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு 510 லிட்டர், லே மான்ஸுக்கு 2210. அந்த வருட லே மான்ஸுக்குக் கம்பெனி அணி புது 962-ஓடு வந்தது. யோஸ்ட் கொண்டுவந்ததோ முந்தின வருடம் ஜெயித்த அதே பழைய 956. ரிச்சர்ட் லாய்டின் அணியிடமும் ஒரு 956. பந்தயத்தின் ஆரம்பத்தில் இந்த இரண்டு தனியார் கார்களும் ஒன்றின் வாலில் ஒன்று ஒட்டிக்கொண்டு ஓடின. முன்னால் போகிறவன் காற்றைக் கிழிப்பான். பின்னால் வருகிறவன் அந்த நிழலில் அரைக்கால் ஆக்சிலரேட்டரில் அதே வேகம் போவான். ரொம்ப நேரம் ஒட்டினால் முன்காரின் சூட்டுக் காற்றில் பின்காரின் எஞ்சின் காய்ந்துவிடும். ஆகவே மாறி மாறி முன்னால் வரவேண்டும். சைக்கிள் பந்தயக்காரன் செய்யும் அதே வேலை. கம்பெனிக் கார்களால் ரேஷனுக்குள் அந்த வேகத்தில் வர முடியவில்லை. யோஸ்ட் முதல், லாய்ட் இரண்டாவது, கம்பெனி மூன்றாவது. ஜெயித்த கார் 5,088 கிலோமீட்டர் ஓடியது, லிட்டருக்கு 2.3. அதை ஓட்டிய மூன்று பேரில் ஒருவர் பெயர் ‘ஜான் விண்டர்’ என்று இருக்கும். அது புனைபெயர். வீட்டுக்குத் தெரியாமல் ரேஸ் ஓட்டிக்கொண்டிருந்த ஜெர்மன் மர வியாபாரி அவர்!

அதே 1985-ஐ நினைத்தால் சிரிப்பு அடங்கிவிடுகிறது. ஆகஸ்டில் கனடாவின் மோஸ்போர்ட்டில் மன்ஃபிரட் விங்கல்ஹோக் பந்தய விபத்தில் இறந்தார். மூன்று வாரம் கழித்து பெல்ஜியத்தின் ஸ்பாவில் ஸ்டெஃபான் பெல்லோஃப். 1983-ல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பழைய பாதையை 956-ல் 6 நிமிடம் 11.13 நொடியில் சுற்றிய பையன். அந்த நேரத்தை 2018 வரை எவனாலும் தொடமுடியவில்லை. ஓ ரூஜ் வளைவில், அதுவும் இக்ஸை முந்தப் போய்! 27 வயசு. அடுத்த வருடம் லே மான்ஸில் நடு ராத்திரிக்கு மேல் யோ கார்ட்னர். மூவரும் 956 அல்லது 962-ல் போனவர்கள். 956-ல் டிரைவரின் பாதம் முன் அச்சுக்கும் முன்னால் இருக்கும். மோதினால் முதலில் நசுங்குவது கால். அமெரிக்காவில் பந்தயம் நடத்தும் இம்சா அமைப்பு, பாதம் அச்சுக்குப் பின்னால் இல்லாவிட்டால் காரை உள்ளே விடமாட்டோம் என்று நின்றது. அதற்காகத்தான் முன் சக்கரத்தை 12 சென்டிமீட்டர் முன்னால் தள்ளி 962 செய்தார்கள். வேகத்தைக் குறைக்காமல் மிச்சம் பிடிக்க அத்தனை மூளையைச் செலவழித்தவர்கள், இந்த 12 சென்டிமீட்டரை முதலிலேயே போட்டிருக்கலாம். அதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

ரிசர்வை நம்பியே ஸ்கூட்டர் ஓட்டும் பாலுவிடம் இதைப் படித்துக் காட்டு: 1988 லே மான்ஸ், கிளாவ்ஸ் லுட்விக், அப்போதைக்கு உலகத்தின் மிகச் சிறந்த டிரைவர்களில் ஒருவர். ரிசர்வில் இன்னும் ஒரு சுற்று போய்விடலாம் என்று நினைத்தார். போகவில்லை. வண்டியைச் சாய்த்துப் பார்க்க அது ஸ்கூட்டரும் இல்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரை முடுக்கி முடுக்கித் தவழ்ந்து பிட்டுக்கு வந்து சேர்ந்தார். 24 மணி நேரம் முடிந்தபோது ஜாகுவார் முதல்; அதே சுற்றில், இரண்டரை நிமிடம் சொச்சம் பின்னால் லுட்விக்கின் போர்ஷே. பாலுவுக்கு ஒரு துணை கிடைத்தது. ஜாகுவாரும் நிம்மதியாக ஜெயிக்கவில்லை. கடைசிக் கட்டத்தில் கியர்பாக்ஸ் போகும் சத்தம் கேட்டு, யான் லாமர்ஸ் நாலாவது கியரைவிட்டு மாற்றாமலே ஓட்டி முடித்தார். அந்த வருடம்தான் டபிள்யூ.எம். பெஜோ என்ற ஒரு கார் நேர்ப்பாதையில் 405 கிலோமீட்டர் வேகம் தொட்டது. “எவன் வேகமோ அவன் ஜெயிப்பான்” என்றாயே, அந்தக் கார் பந்தயத்தையே முடிக்கவில்லை.

பிறகு எல்லாவற்றையும் கெடுத்தார்கள். 1991-ல் ரேஷன் வேண்டாம், எல்லாரும் டர்போ இல்லாத 3.5 லிட்டர் எஞ்சின் கொண்டுவாருங்கள் என்று விதி மாறியது. ஃபார்முலா 1 மாதிரி எஞ்சின், ஃபார்முலா 1 மாதிரி செலவு. தனியார் அணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ள, 1992-ல் லே மான்ஸுக்கே 28 கார்தான் வந்தது. அந்த வருடத்தோடு சாம்பியன்ஷிப் மூடுவிழா. நடுவில் 1991 லே மான்ஸில் பழைய ரேஷன் கார்களையும் அனுமதித்தபோது ஜெயித்தது எது தெரியுமா? மாஸ்டா 787பி. பிஸ்டனுக்குப் பதில் நாலு ரோட்டர் சுழலும் வாங்கெல் எஞ்சின், குடிக்கிறதில் பேர்போன ஜாதி! மற்றப் பழைய கார்களுக்கு 1000 கிலோ கட்டாயம் என்று வைத்துவிட்டு மாஸ்டாவை 830 கிலோவில் விட்டார்கள். எடை குறைந்தால் பெட்ரோலும் குறையும் என்ற கணக்கை யாரும் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது எண்டூரன்ஸ் ரேஸின் மேல் வகுப்பில் ஃபெராரி, டொயோட்டா, பி.எம்.டபிள்யூ என்று பெரிய கூட்டம். ஆனால் ‘பேலன்ஸ் ஆஃப் பர்ஃபாமன்ஸ்’ என்று ஒவ்வொரு காருக்கும் இன்ன எடை, இன்ன சக்தி, ஒரு தடவை நிரப்பினால் இன்ன அளவு ஆற்றல் என்று மேஜையில் உட்கார்ந்து சமன் பண்ணிவிடுகிறார்கள். புத்திசாலித்தனமாக மிச்சம் பிடித்தவனுக்கு அடுத்த பந்தயத்தில் சுமை ஏற்றினால் அவன் எதற்கு மெனக்கெடவேண்டும்? கூட்டம் வருவதற்கு இதுதான் வழி என்கிறார்கள். இருக்கலாம். எனக்கு ஒட்டவில்லை.

இருந்தாலும் 2024 லே மான்ஸைச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்னவனாவேன். 50-ஆம் நம்பர் ஃபெராரிக்குக் கடைசி இரண்டு மணி நேரத்துக்குள் கதவு சரியாக மூடாமல் ஆடியது. கொடி காட்டிக் கூப்பிட்டு மூடச் சொன்னார்கள். திட்டத்தில் இல்லாத அந்த ஸ்டாப்பால் பெட்ரோல் கணக்கு குழம்பியது. நிக்லஸ் நீல்சன் மழையில் காலைத் தூக்கித் தூக்கி ஓட்டிவந்து கோட்டைத் தாண்டியபோது மிச்சம் இருந்தது 2 சதவீதம். பின்னால் 14 நொடியில் டொயோட்டா. 1983 லே மான்ஸிலும் இதே கதவு, இதே கணக்கு. ஹோல்பர்ட்டின் 956 கதவு பறந்து, மாற்றிப்போட்ட கதவால் இடப்பக்க ரேடியேட்டருக்குக் காற்று சரியாகப் போகாமல் எஞ்சின் வெந்து, கடைசிச் சுற்றில் இறுகி நின்றுபோகும் நிலைக்கு வந்து, வெள்ளைப் புகையோடு ஜெயித்தது. துரத்தி வந்த பெல்லின் டேங்கில் அடிமட்டத்தைத் துடைத்த பெட்ரோல்தான் பாக்கி.

கை வலிக்கிறது, நிறுத்துகிறேன். ஒரு கணக்கு மட்டும் உனக்கு: 1988 ஜாகுவார் 394 சுற்று, சுற்றுக்கு 13.535 கிலோமீட்டர், ரேஷன் 2550 லிட்டர். எவ்வளவு கொடுத்தது என்று நீயே போட்டு எழுது. பாலுவிடம் கொடுக்காதே, அவன் ரிசர்வையும் சேர்த்துப் போடுவான்.

கதிர்