ராக்கெட் நாளில் மீனவர் தொழில்

குலசேகரன்பட்டினம் ஏவுதளப் பணிகள் குறித்த செய்தி படித்தேன். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு (பூமியை வடக்கு தெற்காகச் சுற்றும் பாதை) போகும் ராக்கெட், இலங்கையைத் தவிர்த்து வளைந்து செல்வதில் எரிபொருள் வீணாகிறது. 500 கிலோ சுமக்கும் எஸ்எஸ்எல்வி என்ற இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டுக்கு அது பெரிய இழப்பு. குலசேகரன்பட்டினத்திலிருந்து நேர் தெற்கே பறக்கலாம், மகிழ்ச்சிதான்.

ஆனால், ஏவும் நாளில் அந்தப் பாதையில் படகுகள் நிற்கக் கூடாது. ஏவுதளத்துக்கு அருகிலுள்ள மணப்பாட்டில் எங்கள் நாட்டுப்படகு நள்ளிரவில் இறங்கினால் மதியம்தான் கரை சேரும். ஆழத்துக்குப் போய்விட்டால் கைபேசியில் சிக்னல் கிடையாது. கடைசி நேர அறிவிப்பு எங்களை எட்டாது. ஏவுதல் தள்ளிப்போனால் இன்னொரு நாள் தொழிலும் போச்சு. ஆகவே, தேதியை ஒரு வாரம் முன்பே மீன் ஏலக்கூடங்களில் ஒட்ட வேண்டும். தள்ளிப்போகும் நாளுக்கும் சேர்த்து நிவாரணம் தரும் அரசாணையை, முதல் ராக்கெட் கிளம்பும் முன்பே வெளியிட வேண்டும்.

- வாசகர், மணப்பாடு