காசு கட்டத்தான் நிற்கிறோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் பக்கத்தில் ஒரு வாசகர், இன்றைய பிள்ளைகள் ஜப்பான் கார்ட்டூன்களைக் களவாக இறக்கிப் பார்க்கிறார்கள், பெற்றோர் கண்டும் காணாமல் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். அந்தப் பெற்றோரில் நானும் ஒருவன். வீட்டில் உயர்தரம் படிக்கிற மகள், ஏழாம் வகுப்பில் மகன். அதைக் கார்ட்டூன் என்று மகளிடம் சொல்லிப் பாருங்கள், அனிமே என்று திருத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள்.

களவு களவுதான், நியாயம் கதைக்க வரவில்லை. அந்தக் களவுத் தளம் ஒன்றால் மகளின் போன் ஒரு கிழமை முழுக்கச் சூதாட்ட விளம்பரமாகத் துப்பிக்கொண்டு கிடந்தது, அப்புறம்தான் சரி, காசு கட்டியே பார்ப்போம் என்று வெளிக்கிட்டேன்.

இணையத்தில் மாதக் காசுக்கு அனிமே காட்டும் ஒரு சேவையில் சேரப் பார்த்தால் என் வங்கி அட்டையை ஏற்கவில்லை. வங்கிக்குப் போனேன், வெளிநாட்டுக் கொடுப்பனவு பூட்டிக் கிடக்கிறதாம், படிவம் நிரப்ப வேண்டுமாம். கவுண்டரில் இருந்த பிள்ளை "என்ன தேவைக்கு ஐயா?" என்று கேட்டது. இந்த வயதில் அனிமே பார்க்க என்று சொல்ல வெட்கமாக இருந்தது, "பிள்ளையின்ர படிப்புக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன். அட்டை திறந்தது, காசும் போனது, மகள் தேடிய தொடர் மட்டும் அதில் இல்லை. ரொறன்ரோவில் இருக்கிற அவளின் மச்சாள் அதே தொடரை அங்கே பார்க்கிறாள். "என்ர கணக்கைப் பாவி" என்று கடவுச்சொல்லை அனுப்பினாள் (அதுவும் விதிப்படி சரியில்லைத்தான்). உள்ளே போனால் மேலே மச்சாளின் பெயர், கீழே நிற்பது இலங்கைப் பட்டியல். கணக்கு எந்த நாட்டில் திறந்தது என்று அது பார்ப்பதில்லை, இப்போது எங்கே இருந்து பார்க்கிறோம் என்றுதான் பார்க்கிறது.

இதுக்குக் காரணம் இருக்கிறது. ஓர் அனிமே தொடரைப் பெரும்பாலும் ஒரே கம்பனி தனியாக எடுப்பதில்லை. கதையை வெளியிட்ட பதிப்பகம், ரிவி நிலையம், பாட்டுக் கம்பனி, பொம்மை விற்கிறவர்கள் என்று பலர் சேர்ந்து காசு போட்டு எடுக்கிறார்கள், வெளிநாட்டு உரிமையைப் பிராந்தியம் பிராந்தியமாக, இத்தனை வருடத்துக்கு என்று பேசி விற்கிறார்கள். இலங்கை சின்னச் சந்தை. ஒரு தொடரில் எங்களை இந்தியாவோடு சேர்ப்பார்கள், இன்னொன்றில் தென்கிழக்காசியாவோடு, சிலவற்றில் எவரோடும் இல்லை.

வி.பி.என். போடலாமே என்பார்கள், வேறு நாட்டில் இருந்து பார்ப்பதுபோலக் காட்டுகிற செயலி அது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பேஸ்புக், வட்ஸ்அப்பை முடக்கிய நாட்களில் ஊரே அதைப் பழகிக்கொண்டது, 2022 ஏப்ரலில் திரும்பவும் தேவைப்பட்டது. ஆனால் காசு கட்டும் சேவையில் அதைப் போட்டு வேறு நாட்டுப் பட்டியலைத் திறப்பது ஒப்பந்தத்தை மீறுவது. இலவச வி.பி.என். ஒன்றின் ஊடாக வங்கி அட்டை இலக்கத்தை அனுப்ப எனக்குத் துணிவும் இல்லை.

அந்த வாசகர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. யூரியூப்பில் சட்டப்படியே, இலவசமாக அனிமே வருகிறது. தாய்வானின் மியூஸ் நிறுவனம் நடத்தும் மியூஸ் ஏசியா, ஹொங்கொங்கின் மீடியாலிங்க் நடத்தும் அனி-வன் ஏசியா என்ற இரண்டு சனல்களையும் தேடிப் பாருங்கள். ஜப்பான் எங்களுக்கு மூன்றரை மணித்தியாலம் முன்னே. அங்கே நடுச்சாமம் 12 மணிக்குப் போகிற தொடர் என்றால் இங்கே இரவு 8.30, சிலது அன்றிரவே வந்துவிடும், மகள் ரியூசன் முடிந்து புட்டுக் கோப்பையோடு குந்த நேரம் சரியாக இருக்கும். உரிமம் முடிந்தால் தொடர் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகும், ஆகவே தள்ளிப் போடக்கூடாது.

மகனுக்குத்தான் பாடு. ஆங்கில எழுத்து ஓடுகிற வேகத்துக்கு அவனால் வாசிக்க முடியவில்லை, அக்காவை நிறுத்தி நிறுத்திக் கேட்கிறான், அவள் எரிந்து விழுகிறாள். தமிழ்க் குரல் இல்லாமலும் இல்லை, 2025 செப்ரெம்பரில் 'டீமன் ஸ்லேயர்' என்ற அனிமே படம் இந்தியத் திரையரங்குகளில் தமிழிலும் ஓடியது. சென்னையில் இருக்கிற சினேகிதன் தன் திரையைப் படமெடுத்து அனுப்பினான், நாங்கள் காசு கட்டிய அதே சேவை, அதே தொடர், மொழிகளின் வரிசையில் தமிழ் நிற்கிறது. என் திரையில் அந்த இடத்தில் இல்லை. முந்தி அன்ரனாவைக் கமுகு உயரத்துக்கு ஏற்றி இந்தியாப் பக்கம் திருப்பினால் அங்கத்தைய தூரதர்ஷன் வந்தது. இப்போது திருப்புவதற்கு ஒன்றும் இல்லை. ஏற்கெனவே செய்து வைத்த தமிழ்க் குரலை எங்களுக்கும் திறந்துவிடப் புதிதாகக் குரல் கொடுக்கத் தேவையில்லை, உரிமம் எழுதும்போது எங்கள் பெயரையும் சேர்த்தால் போதும்.

மகள் இதை அந்தச் சேவைக்கு எழுதி அனுப்பினாள். நன்றி, பதிவு செய்துகொண்டோம் என்று ஒரு வரி வந்தது. உங்கள் வாசகர்களும் எழுதட்டும், ஒரு வீட்டுக் கடிதத்தை யார் கணக்கில் எடுப்பார்கள். அப்படியே உங்கள் வார இதழில் ரிவி நிகழ்ச்சி நேரம் போடுகிற பக்கத்தில் மேலே சொன்ன இரண்டு யூரியூப் சனலுக்கும் ஒரு மூலை ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன், கோண்டாவில்
(பெயர் போட வேண்டாம், அந்த வங்கிக்கு நான் திரும்பவும் போக வேணும்.)