கிளினிக் போகும் நாளுக்கும் பேர் போடுங்கள்

பெருந்தோட்டக் கம்பனி நிர்வாகிகளுக்கும் தொழிற்சங்கத் தலைவர்களுக்கும்,

வணக்கம். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுப் பிள்ளை நான். போன வருடம் ஓர் அழகிப் போட்டியில் கிரீடம் வாங்கினேன். கடைசிச் சுற்றில் "சமூகத்துக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்கள். "மலையகப் பெண்களின் இதய ஆரோக்கியத்துக்கு உழைப்பேன்" என்றேன். மனப்பாடம் செய்த பதில்தான். ஆனால் அம்மாவை நினைத்து மனப்பாடம் செய்தது.

அன்றிலிருந்து பிரஷர் பார்க்கும் முகாம்களுக்குக் கிரீடத்தோடு போகிறேன். அக்காமார் என்னோடு படம் எடுக்க வருகிறார்கள், வந்த இடத்தில் பிரஷரும் பார்க்கிறோம். 140/90 வந்தாலே கவனிக்க வேண்டும். 180 காட்டும் அக்காவிடம் "கிளினிக் போறீங்களா?" என்றால், "போனா பேரு போயிரும் பாப்பா" என்கிறார்.

பேர் என்பது அன்றைக்கு வேலை செய்ததாக விழும் பதிவு. அது போனால் அன்றைய சம்பளம் போச்சு. உங்களுக்குத் தெரியாததல்ல.

அம்மாவும் அதைத்தான் சொன்னார். விடியுமுன் பஸ் ஏறி, நம்பர் எடுத்து, டொக்டரைப் பார்த்து, மருந்துக்கு இன்னொரு வரிசையில் நின்று லயத்துக்குத் திரும்பப் பின்னேரமாகிவிடும். அரைப்பேர்கூட விழாது. 2024 செப்டம்பர் வர்த்தமானிப்படி நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அதைக் கூட்டுவதாகவும், வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் 200 ரூபாய் தருவதாகவும் அறிவித்தார்கள். சந்தோஷம். ஆனால் சம்பளம் கூடக் கூட, கிளினிக் போகும் நாளின் நட்டமும் கூடுகிறதே!

பிரஷருக்கு வலி கிடையாது, அதுதான் வினை. அம்மா முதலில் ஒரு மாதம் போகாமல் விட்டார். பிறகு இருந்த குளிசையை ஒன்றுவிட்டு ஒரு நாள் போட்டு இழுத்தார். ஒரு நாள் மலையில் தாடையும் தோளும் வலித்து வியர்த்துக் கொட்டியது. வாய்வு என்று இஞ்சித் தேத்தண்ணி குடித்துவிட்டு மறுபடியும் கூடையை மாட்டிக்கொண்டார். பெண்களுக்கு மாரடைப்பு இப்படியும் வரும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவதைத்தான் எல்லோரும் படத்தில் பார்த்திருக்கிறோம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்பியூலன்ஸ் அன்று ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. கொழுந்து லொறியில் கொண்டுபோனோம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைச் சீக்கிரம் போட்டால்தான் இதயத் தசை தப்பும். நாங்கள் பிந்திவிட்டோம். அம்மா பிழைத்தார், ஆனால் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குப் போய்வர இப்போது இரண்டு இடத்தில் உட்காருகிறார்.

நான் புது ஆஸ்பத்திரி கேட்கவில்லை. கிளினிக் கொப்பியில் அன்றைய திகதியும் முத்திரையும் இருந்தால் அந்த நாளுக்கு முழுப்பேர் போடுங்கள். மாதம் ஒரு தடவை, வருடத்துக்கு 12. அந்த 1,350 ரூபாய்க் கணக்கில் ஓர் ஆளுக்கு 16,200 ரூபாய். போட்டிக்கு நான் உடுத்த கவுனின் வாடகை அதைவிடக் கூட. கள்ளப்பேர் விழும் என்று பயந்தால், கொப்பியைக் கணக்கப்பிள்ளையே வாங்கிப் பார்க்கட்டும்.

தலைவர்மாரே, அடுத்த சம்பளப் பேச்சில் இதையும் கேளுங்கள். உங்கள் சந்தா இந்தப் பேரிலிருந்துதான் வெட்டப்படுகிறது.

எந்தத் தோட்டத்துக்கு வந்து பேசவும் நான் தயார். கிரீடத்தோடு வந்தால்தான் கேட்பீர்கள் என்றால், அதையும் போட்டுக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கொழுந்துக்காரியின் மகள்