பதினெட்டாம் போர் பத்தரை மணிக்கு முடியாது

எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் விழாக் குழுப் பெரியோர்களுக்கு,

வணக்கம். பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவன் எழுதுகிறேன். உரிமையோடுதான் எழுதுகிறேன், கோயில் வரி பாக்கி இல்லை.

போன வருஷம் நம் விழாத் தெருக்கூத்தில் கர்ண மோட்சம் ஆடிய இரவு, ஒப்பனைக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்திருந்தேன். கர்ணன் வேஷக்காரர் அரிதாரம் பூசி, புஜக்கட்டை, மார்ப்பதக்கமெல்லாம் இறுக்கிக் கட்டி, கிரீடத்தை மடியில் வைத்துக் காத்திருந்தார். கல்யாண முருங்கைக் கட்டையில் கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடம். பத்து மணிக்கு உங்கள் ஆள் ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். "வாத்தியாரே, பொன்னுருவி கட்டமெல்லாம் வேணாம். நேரா சண்டைக்குப் போயிடுங்க. பத்தரைக்கு முடிக்கணும்."

காரணம் கேட்டால், பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாதாம். அந்த விதி, பதினோரு மணிக்குத் தொடங்கிய இன்னிசைக் கச்சேரிக்கு மட்டும் எப்படி மறந்துபோனது? (கச்சேரி வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் நின்று கேட்டவன்தான்.)

பொன்னுருவி கர்ணன் மனைவி, அவனைத் தேரோட்டி மகன் என்று அண்டவிடாதவள். சாகப் போகிறோம் என்று தெரிந்து அவளிடம் விடைபெற வருகிறான் அவன். அந்த வாக்குவாதத்தில்தான் கூத்தே இருக்கிறது. என் பாட்டி மடித்த வெற்றிலையை வாயில் போட மறந்து அழுவாள். அந்தக் கட்டத்தை வெட்டிவிட்டால், கர்ணன் விழும்போது ஒரு வேஷக்காரர் கீழே விழுகிறார், அவ்வளவுதான்.

கடைசி இரவில் இதைவிட மோசம். பகலில் பிரசங்கி படித்த பாரதத்தைத்தான் இரவில் ஜமா, அதாவது கூத்துக் குழு, ஆடுகிறது. ஆடி ஆடிப் போய்ச் சேர வேண்டிய இடம் படுகளம், துரியோதனன் மாளும் போர்க்களம். மண்ணில் மல்லாந்து கிடக்கும் துரியோதனன் தொடையில் பீமன் கதாயுதம் இறங்கும்போது கிழக்கு வெளுத்திருக்க வேண்டும். பாஞ்சாலி கூந்தலை முடிந்த பிறகுதான் தீமிதி. போன வருஷம் பத்தரைக்குப் போரை நிறுத்திவிட்டு எல்லாரும் தூங்கப் போனோம். காலையில் பல் துலக்கி, டீ குடித்துவிட்டு வந்து துரியோதனனைக் கொன்றோம்.

நம் செய்யாற்றுப் பக்கத்துப் புரிசைக் கூத்துக் கலைஞர் நடேசத் தம்பிரான் ஆடியதைப் பார்த்து மலைத்தவர், சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவை 1977இல் தொடங்கிய ந. முத்துசாமி. பட்டணத்துக்காரர் தேடி வந்த பொருளை நாம் மணிக்கணக்குப் பார்த்து நறுக்குகிறோம்.

காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். ஒத்துக்கொள்ளவில்லையென்றால், பத்து மணிக்கு ஒலிபெருக்கிப் பெட்டியை அணைத்துவிட்டு ஆடுகிறோம் என்று கேட்டுப் பாருங்கள். மைக் வருவதற்கு முன்பே இருந்த கூத்து இது. முகவீணை என்கிற அந்தச் சின்னக் குழல் ஒன்று போதும், ஏரிக்கரை வரை கேட்கும். நாம்தான் நாற்காலியை விட்டு இறங்கி, பாயை இழுத்துக் கொஞ்சம் கிட்டே உட்கார வேண்டும்.

இந்த வருஷம் ஜமாவுக்குத் தாம்பூலம் வைக்கும்போது, விடிய விடிய என்று வாத்தியாரிடம் சொல்லி வையுங்கள். செலவு கூடினால் ஒரு ராத்திரிக் கூத்து என் கணக்கு. திரை பிடிக்க ஆள் குறைந்தாலும் சொல்லுங்கள், ஒரு முனையை நான் பிடிக்கிறேன்.

இப்படிக்கு,
கீழத்தெருக்காரன்